தரைப்பாலத்து வீடியோ

அந்தச் சனிக்கிழமை காலையில் எனக்கு வந்த முதல் அழைப்பு, முன்பு என்னிடம் தமிழ் படித்த ஒரு பெண்ணிடமிருந்து. இப்போது ஆத்தூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள்.

"டீச்சர், சாருக்கு ஒண்ணும் ஆகலையாம் டீச்சர். பயப்படாதீங்க" என்றாள்.

பயப்படும்படி ஏதோ நடந்திருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என் கணவர் முந்தின நாள் சாயங்காலம் சித்தையன்கோட்டையில் இருக்கும் தன் அக்காவைப் பார்க்கப் போயிருந்தார். அக்காவுக்குக் கால் வீக்கம். மழை விடாததால் அங்கேயே தங்கிவிட்டார். காலையில் ஸ்கூட்டரில் கிளம்புகிறேன் என்று சொல்லியிருந்தார். நான் குழம்புக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"என்னம்மா ஆச்சு சாருக்கு?"

"நீங்க இன்னும் பாக்கலையா டீச்சர்?"

கேள்விப்படலையா என்று அவள் கேட்கவில்லை. பாக்கலையா என்றுதான் கேட்டாள்.

அவளோடு பேசிக்கொண்டிருக்கும்போதே போன் காதருகில் துடித்துக்கொண்டிருந்தது. வைத்துவிட்டுப் பார்த்தேன். ஆசிரியர்கள் குழுவில், எங்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்களின் அன்பியக் குழுவில், என் தங்கையிடமிருந்து, பழைய மாணவிகளிடமிருந்து ஒரே வீடியோ. கீழே ஒரே கேள்வி. "டீச்சர் இது சார்தானா?" "அக்கா, அத்தான் மாதிரி இருக்கே, பாத்துச் சொல்லு." என் கணவர் வெள்ளத்தில் போவதை எனக்கு அனுப்பி, அது அவர்தானா என்று என்னையே சரிபார்க்கச் சொன்னார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பதறிப்போய்த்தான் அனுப்பினார்கள். வெங்காயக் கையோடு ஒன்றைத் திறந்தேன்.

எங்கள் பக்கத்தில் மழைக்கு யாரும் பயந்து பழக்கமில்லை. ஆற்றில் தண்ணீர் வந்தால் குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வருவோம். அடுத்து எந்த வருஷம் வருமோ என்று இருக்கும். அந்தத் தரைப்பாலமும் வருஷத்தில் முக்கால்வாசி நாள் மணலுக்கு மேலே சும்மா கிடப்பதுதான். வீடியோவில் அதன்மேல் செந்நிறத்தில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ஓரத்துக் காவல் கற்களின் தலைகள் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தன. இந்தக் கரையில் நீல மழைக்கோட்டு போட்ட ஒருவர் ஸ்கூட்டரில் நிற்கிறார். பக்கத்தில் மொபெட்டில் ஓர் இளைஞர், பின்னால் பெரிய பூ மூட்டை. இருவரும் ஏதோ பேசுகிறார்கள். ஸ்கூட்டர் முதலில் இறங்குகிறது. மொபெட்டும் இறங்குகிறது. பாதிக்குமேல் போனதும் ஸ்கூட்டர் சாய்கிறது. அடுத்து மொபெட். மூட்டை பிரிந்து, அந்தச் செந்தண்ணீர் முழுக்க ஆரஞ்சு நிறச் செண்டுப்பூ பரவுகிறது. அவ்வளவுதான். படம் குலுங்கி நின்றுவிடுகிறது.

அது அவர்தான். ஸ்கூட்டரில் உட்காரும்போது இடது தோளைக் கொஞ்சம் இறக்கி உட்காருவார்.

பாலத்துக்குக் கீழே சீமைக்கருவேலம் புதரில் சிக்கி, கயிறு போட்டு அவரை இழுத்தெடுத்திருக்கிறார்கள். உடம்பெல்லாம் முள் கிழித்து, ஒரு விரல் ஒடிந்து, ஆத்தூர் ஆஸ்பத்திரியில் இருந்தார். என் தங்கை கணவரோடு நான் போய்ச் சேர்ந்தபோது கட்டிலில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "அந்தத் தம்பியத் தூக்கிட்டாங்களா?"

அந்தத் தம்பியை மறுநாள் கீழே ஒரு தடுப்பணை ஓரத்தில் எடுத்தார்கள்.

ஏன் அந்தத் தண்ணீரில் இறங்கினார் என்று பலரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நானும் அவரைக் கேட்டேன், அவர் வீட்டுக்கு வந்து நான்கைந்து நாள் கழித்து. பெரிய காரணம் ஒன்றும் இல்லை. "எனக்கு முன்னாடி ஒரு வேன் போச்சு. முழங்காலுக்குக் கீழதான் தண்ணி இருந்துச்சு. போயிறலாம்னு நெனச்சேன்" என்றார். பிறகு, "வீட்டுக்கு வந்து சாப்பிடலாம்னு இருந்துச்சு" என்றார். நாம் எல்லோரும் அப்படித்தான் எங்கேயாவது இறங்குகிறோம்.

அவர் கணக்கு ஆசிரியர். ஓய்வு பெற இன்னும் சில வருஷங்கள் இருந்தன. அது இரண்டு நாளில் உலகத்துக்கே தெரிந்துவிட்டது. பழைய மாணவன் எவனோ கீழே "இது எங்க கணக்கு சார்" என்று எழுதிவைக்க, யாரோ ஒரு கெட்டிக்காரர் அதைப் பிடித்துக்கொண்டு "கணக்கு சாரின் தப்புக் கணக்கு" என்று தலைப்புப் போட்டுவிட்டார். அதற்கப்புறம் வீடியோவுக்குக் கால் முளைத்துவிட்டது. ஒன்றில் சோகமான புல்லாங்குழல். இன்னொன்றில் சிரிப்பு நடிகர்கள் பேசுவது போலக் குரல். வேறொன்றில் பூக்கள் பரவும் இடத்தை மட்டும் மெதுவாக்கி, திரும்பத் திரும்ப ஓடவிட்டிருந்தார்கள். அதன் கீழே ஏகப்பட்ட இதயங்கள். "மரணத்திலும் ஒரு அழகு" என்று ஒருவர் எழுதியிருந்தார். மொபெட் ஓட்டியவர் செத்துப்போனது அவருக்குத் தெரிந்திருந்ததா என்று எனக்குத் தெரியாது.

என் கணவர் எல்லாவற்றையும் வாசித்தார். விரலில் கட்டு இருந்ததால் பள்ளிக்கு விடுப்பு. வாசல் அறை நாற்காலியில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விடைத்தாள் திருத்துகிற அதே முகத்தோடு கீழே கீழே தள்ளிக்கொண்டே போவார். "ஆழ்ந்த இரங்கல்" என்று தனக்கே எழுதப்பட்டதைப் படித்தார். "படிச்சவனுக்கே அறிவில்லை." "வாத்தியாரே இப்படின்னா பசங்க எப்படி?" "எமன் அன்னிக்கு லீவு." நடுவில் யாரோ, அந்த மொபெட் என்ன மாடல் என்று விசாரித்திருந்தார். அதற்கு ஒருவர் பொறுப்பாகப் பதிலும் சொல்லியிருந்தார்.

"ஏங்க, அதைக் கீழ வைங்க" என்பேன்.

"வைக்கிறேன்" என்பார். வைக்கமாட்டார்.

ஒருநாள் ஒன்றை எனக்கு வாசித்துக் காட்டினார். 'முன்னாடி போன பெருசு இறங்கலேன்னா பின்னாடி வந்தவன் இறங்கியிருக்க மாட்டான். பெருசு பொழச்சிருச்சு, சின்னது போச்சு.' வாசித்துவிட்டு, "இதை எழுதுனவன் யாருன்னு தெரியல. ஆனா இவன் ஒருத்தன்தான் வீடியோவை ஒழுங்காப் பாத்திருக்கான்" என்றார். நான் போனை அவர் கையிலிருந்து வாங்கினேன். அவர் தடுக்கவில்லை. சாப்பாட்டுக்கு அப்புறம் என் போனை எடுத்து அதையே தேடிக்கொண்டிருந்தார்.

எங்கள் அன்பியத்தில் வழக்கம்போல் வீட்டுக்கு வந்து செபமாலை சொன்னார்கள். நல்லவர்கள், பலகாரமெல்லாம் கொண்டுவந்தார்கள். செபம் முடிந்ததும் ஒரு அம்மாள் போனை எடுத்து, புதரில் அவர் சிக்கியிருக்கும் இன்னொரு படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். கிளை வளைந்திருப்பது மாதா கையை நீட்டியது மாதிரி இருக்கிறதாம். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். "நன்றிப் பூசை ஒண்ணு வச்சிருங்க சார். இது மாதா செஞ்ச புதுமைதான்" என்றார் அவர்.

"அப்ப அந்தத் தம்பிக்கு ஏன் கை நீட்டலைங்க?" என்று என் கணவர் கேட்டார். கோபமாக இல்லை, வகுப்பில் சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டார். நான் காபி போட எழுந்து போனேன். பூசை வைத்தோம். அவர் பிழைத்ததற்கு நன்றி என்று இல்லாமல், இறந்தவர் ஆன்ம இளைப்பாற்றிக்கு என்று கொடுத்தோம். இறந்தவர் இந்து. சாமியார் அதைப் பற்றிக் கேட்காமல் பூசையில் பெயரை வாசித்தார்.

பள்ளிக்குத் திரும்பிய பிறகு, அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பும்போது பின் வரிசையிலிருந்து அந்தப் புல்லாங்குழலை மெல்ல முணுமுணுப்பார்களாம். யார் என்று அவர் திரும்பிப் பார்த்ததில்லை. நீரோட்டத்தின் வேகமும் படகின் வேகமும் என்று ஒரு கணக்கு வகை உண்டு. அந்த வருஷம் அதை நடத்தாமல் தாண்டிப்போனார். "பரீச்சைக்கு வந்துச்சுன்னா?" என்று கேட்டேன். "வரட்டும்" என்றார்.

நான்தான் அந்த வீடியோவை நீக்க வைக்க வேண்டும் என்று கிளம்பினேன். எங்கள் பள்ளியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் பெண் உதவி செய்தாள். எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் புகார் பொத்தானை அழுத்தினோம். சில இடங்களில் எடுத்தார்கள். பல இடங்களில், இது எங்கள் விதிகளை மீறவில்லை என்று பதில் வந்தது. ஒன்று போனால் வேறு பெயரில் இன்னொன்று வந்து உட்காரும். காவல் நிலையத்தில் மரியாதையாக உட்காரவைத்துக் கேட்டார்கள். "மனு குடுங்க டீச்சர், வாங்கிக்கிறோம். ஆனா எம்புட்டுப் பேர்கிட்ட இருக்கும், நெனச்சுப் பாருங்க" என்றார் அங்கிருந்தவர். அவர் போனிலும் இருந்தது. முன்னமே பார்த்திருந்தார். அதைச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது.

அதிகம் பேர் பார்த்த வீடியோவைப் போட்டிருந்த ஒரு சேனல்காரரின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். குரலைக் கேட்டால் என் மாணவன் வயதுதான் இருக்கும்.

"மேடம், இது விழிப்புணர்வு வீடியோ மேடம். இதைப் பாத்து நாலு பேரு தண்ணியில இறங்காம இருந்தா நல்லதுதானே?"

"சரி தம்பி. அதுக்கு எதுக்குப் பாட்டு?"

கொஞ்சம் யோசித்தார். ஏமாற்றாமல் சொன்னார். "பாட்டு இல்லாட்டி முழுசாப் பாக்கமாட்டாங்க மேடம். பாதியில தள்ளி விட்டுருவாங்க."

அவரோடு சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை. அவர் சொன்னதிலும் ஏதோ இருந்தது. அந்த வீடியோவுக்குப் பிறகு பாலத்தின் இரண்டு பக்கமும் தடுப்பு போட்டார்கள் என்று நாத்தனார் சொன்னார். வீடியோ இல்லாவிட்டால் போட்டிருப்பார்களா? எனக்குத் தெரியாது. ஆனாலும் இரண்டு நாள் கழித்து அந்தச் சேனல் தம்பி தானாகவே அதை எடுத்துவிட்டார். மேடம் எடுத்துட்டேன் என்று ஒரு குறுஞ்செய்தியும் அனுப்பினார். அந்த வாரம் கொஞ்சம் நிம்மதியாக இருந்தேன்.

தை மாதக் கடைசியில், ஒரு சனிக்கிழமை மதியம், வாசலில் ஒரு பெண் நின்றாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கையில் மஞ்சள் பை. "கணக்கு சார் வீடுங்களா?" என்று கேட்டாள். டியூஷன் விஷயமாக யாரோ என்று நினைத்து உள்ளே கூப்பிட்டேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். பையிலிருந்து பீர்க்கங்காய்களை எடுத்துக் கீழே வைத்தாள்.

"நான் அந்தப் பூ வண்டிக்காரரு வீட்டுல" என்றாள்.

சாவுக்கு நாங்கள் போயிருந்தோம். அன்று கூட்டத்தில் அவளை எனக்கு முகம் தெரியவில்லை. அவள்தான் மனைவி என்று யாரோ காட்டிய இடத்தில் நாலைந்து பெண்கள் கட்டிக்கொண்டு கிடந்தார்கள். என் கணவர் அந்த வீட்டு வாசல்வரை வந்துவிட்டு உள்ளே வராமல் நின்றார்.

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்தாள். "டீச்சர், ஒண்ணு கேக்கத்தான் வந்தேன். அந்த வீடியோவ நீங்கதான் எடுக்கச் சொல்றீங்களாமே?"

"ஆமாம்மா. உங்களுக்கும் அது கஷ்டம்தானே? அதான் சேத்துத்தான்..."

"எடுக்கச் சொல்லாதீங்க டீச்சர்."

நான் அவளைப் பார்த்தேன்.

"எங்க கல்யாணத்துக்கு வீடியோ எடுக்கலை. போட்டோ இருக்கு, ரெண்டு மூணு. எல்லாத்துலயும் முறைச்சுக்கிட்டு நிப்பாரு. அவரு போன் தண்ணியோட போச்சு. அவரு நடமாடுறது, சிரிக்கிறது எல்லாம் இப்ப எங்கிட்ட அதுல மட்டுந்தான் இருக்கு. வண்டி இறங்குறதுக்கு முன்னாடி நிறுத்திருவேன். அதுக்கு மேல நான் பாத்ததே இல்ல. பாப்பாவுக்கும் அம்புட்டுதான் காட்டியிருக்கேன். திடீர்னு போன வாரம் திறக்கலை. அப்புறம் எங்க சித்தப்பா மகன் வேற ஒண்ணு தேடிக் குடுத்தான். அதுல சிரிப்புக் குரல் வருது. சத்தத்தக் குறைச்சு வச்சுப் பாக்குறேன்."

அழவில்லை. அழுது முடித்தவள் மாதிரிப் பேசினாள். மன்னிச்சுக்கம்மா என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. எதற்கு மன்னிப்புக் கேட்பது என்று எனக்கே தெளிவாக இல்லை.

"சார் இருக்காருங்களா? அவரைத்தான் பாக்கணும்."

அவர் உள்ளறையில்தான் இருந்தார். கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். வெளியே வந்து நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சார், தண்ணியில இறங்குறதுக்கு முன்னாடி அவரு உங்ககிட்ட ஏதோ பேசுறாரு. எல்லாத்துலயும் பாட்டு போட்டுட்டாங்க. என்ன பேசுனாரு சார்?"

என் கணவர் கீழே இருந்த பீர்க்கங்காய்களைப் பார்த்தார். பிறகு, "மணி கேட்டாரும்மா" என்றார்.

"மணியா?"

"ஆமா. பத்தாகப் போகுதுன்னேன். மார்க்கெட் முடிஞ்சிருக்குமேன்னாரு. மழையில பறிப்பு பிந்திப்போச்சாம். இன்னிக்குப் பூவுக்கு வெலையே இருக்காது, எதுக்குத்தான் போறேன்னு தெரியலன்னு சொல்லிட்டுச் சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். அம்புட்டுத்தாம்மா பேசுனோம்."

அவள் தலையை ஆட்டினாள். "அப்படித்தான் சொல்லுவாரு. தெனமும் அதையே சொல்லிக்கிட்டுத்தான் போவாரு" என்றாள். அப்போதுதான் அவள் கண் நிறைந்தது.

என் கணவர் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "நான் முன்னாடி இறங்குனதாலதான் அவரும் இறங்குனாரோன்னு..." என்று தொடங்கி, முடிக்காமல் நின்றார்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அத நான் எப்படி சார் சொல்றது" என்றாள்.

இல்லை சார், உங்கள் மேல் தப்பில்லை என்று அவள் சொல்லியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்குமா? எனக்குத் தோன்றவில்லை. அவள் சொன்ன பதில் நேர்மையாக இருந்தது. அன்று சாயங்காலம் அவர் வீடியோவைத் தேடவில்லை. வெகு நாளைக்குப் பிறகு டிவியில் கிரிக்கெட் பார்த்தார்.

பாட்டுப் போடாத முதல் வீடியோ ஒன்று எங்கேயாவது இருக்கவேண்டுமே என்று அவருக்குத்தான் தோன்றியது. எடுத்தவரை எங்களுக்குத் தெரியும். தரைப்பாலத்துக்கு அருகில் டீக்கடை வைத்திருப்பவர். கயிற்றின் ஒரு முனையைப் பிடித்து என் கணவரை இழுத்தவர்களில் ஒருவர். முன்பே ஒருமுறை போய் நன்றி சொல்லிவிட்டு வந்திருந்தோம். அப்போது வீடியோவைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ்ஸில் போனோம். அந்தப் பெண்ணும் அவள் ஊரிலிருந்து வந்து சேர்ந்தாள். ஆற்றில் தண்ணீர் வடிந்து, பாலத்துக்கு அடியில் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தார்கள். டீக்கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். விஷயத்தைச் சொன்னதும் முகம் சுருங்கியது. திட்ட வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார்.

"அப்பு, நான் எங்க ஊர் குரூப்புக்குத்தான் எடுத்தேன். பாலத்துக்கு மேல தண்ணி போகுது, யாரும் வராதீகன்னு சொல்றதுக்கு. அப்புறமும் ஊரு குரூப்புலதான் போட்டேன், இப்படி ரெண்டு பேரு போயிட்டாக, கீழ இருக்கவுக கயிறு கொண்டாங்கன்னு. அது எப்படி ஊரெல்லாம் போச்சுன்னு சாமி சத்தியமா எனக்குத் தெரியாது."

"உங்கள ஒண்ணும் சொல்ல வரலை" என்றார் என் கணவர்.

"எல்லாரும் சொல்லுறாகளே. மனுசன் சாகும்போது நின்னு படம் புடிக்கிறான் பாருன்னு. எம் மருமகன் வீட்டுல படிச்சுக் காட்டுறாங்க. படம் ஏன் பாதியில நிக்குதுன்னு ஒருத்தனாவது யோசிச்சானா? போனைக் கீழ போட்டுட்டு ஓடுனேன். அதான் படம் குலுங்குச்சு. அதுக்கு மேல உள்ளத எவனோ வெட்டிட்டான்."

அவர் இதை யாரிடமும் சொன்னதில்லை போலிருந்தது. யாரும் கேட்கவில்லை. நானும் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். படம் குலுங்கி நிற்கும் இடத்தில், எடுத்தவன் பயந்து போனை மடக்கிவிட்டான் என்றுதான் நினைத்திருந்தேன்.

அவரிடம் முழுசும் இருந்தது. சுற்றிக்கொண்டிருந்ததைவிட நீளம். கடைக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தோம். என் கணவர் எழுந்து ஆற்றுப் பக்கம் போய் நின்றுகொண்டார். இதில் பாட்டு இல்லை. தண்ணீர் இரைச்சல் மட்டும். கடையில் யாரோ சர்க்கரை கம்மியாகக் கேட்கிறார்கள். அடுத்து, அந்த இளைஞரின் குரல் என்று சொல்லக்கூடிய ஏதோ ஒன்று, இரைச்சலுக்குள் கரைந்து வருகிறது. பிறகு எதிர்க்கரையிலிருந்து யாரோ கூப்பிட, இந்தப் பக்கமிருந்து ஒரு பதில். அவள் போனைக் காதோடு வைத்துக்கொண்டாள். திரும்ப வைக்கச் சொன்னாள். இன்னும் ஒருமுறை.

"இந்தா வாரேன்னு சொல்றாரு" என்றாள்.

எனக்கு அது கேட்கவில்லை. டீக்கடைக்காரருக்கும் கேட்டிருக்காது என்று நினைக்கிறேன். "ஆமாத்தா, அப்படித்தான் கேக்குது" என்றார்.

வண்டிகள் இறங்கும் இடம் வந்ததும் அவள் நிறுத்தப்போகிறாள் என்று நினைத்தேன். கை திரைக்குப் பக்கத்தில் போனது. நிறுத்தவில்லை. முதல் தடவையாகக் கடைசிவரை பார்த்தாள். பூ பரவியது. படம் குலுங்கியது. எல்லோரும் பார்த்த வீடியோ அங்கே முடிந்துவிடும். இதில் அதற்குப் பிறகும் இருந்தது. போன் சேற்றில் கிடக்க, திரை முழுக்க ஒரே இருட்டு. இருட்டுக்குள் ஆட்கள் ஓடும் சத்தம். "கயிறு கொண்டா, கயிறு." "அந்தா ஒருத்தன், அந்தா." "இன்னொருத்தன எங்கடா?" "கீழ போங்கடா, கீழ போங்க." நிறையப் பேர். பெண்கள் குரலும் இருந்தது. ரொம்ப நேரம் கத்திக்கொண்டே இருந்தார்கள்.

அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள். "இம்புட்டுப் பேரு தேடுனாங்களா" என்றாள்.

"பொழுது சாயறவரைக்கும் தேடுனோம்மா" என்றார் டீக்கடைக்காரர். அவர் எங்களிடம் டீக்குக் காசு வாங்கவில்லை. முழு வீடியோவையும் அவள் போனுக்கு அனுப்பினார். எனக்கும் அனுப்பினார். வேறு யாருக்கும் அனுப்பமாட்டேன் என்று தானாகவே சொன்னார்.

பஸ் வரும்வரை நானும் அவளும் நிறுத்தத்தில் நின்றோம். இனி மற்றதை எல்லாம் எடுக்கச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "உங்க இஷ்டம் டீச்சர். எனக்கு இது போதும்" என்றாள். இன்னும் சில இடங்களில் புகார் கொடுத்தேன். ஒரு கட்டத்தில் விட்டுவிட்டேன். முடிவு என்று எதையும் எடுக்கவில்லை. அலுத்துவிட்டது.

அது இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. எங்கே வெள்ளம் வந்தாலும் அந்த ஊர்ப் பெயரோடு வரும். ஒருமுறை கேரளா என்று வந்தது. ஒருமுறை ஆந்திரா. எங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்த ஆசிரியை ஒருத்தி, விவரம் தெரியாமல், ஆசிரியர் குழுவிலேயே போட்டுவிட்டாள். யாரோ சொல்லியிருப்பார்கள், உடனே அழித்தாள். மறுநாள் என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "பரவாயில்லம்மா" என்றேன். உண்மையிலேயே பரவாயில்லை என்றுதான் இருந்தது.

போன ஆடியில் மலைப்பக்கம் எங்கேயோ மண் சரிந்து ஒரு தெருவே போனதைச் சாப்பாட்டு வேளையில் எல்லோரும் ஓய்வறையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வீடு மெல்லச் சாய்ந்து இறங்கியது. ஐயோ, ஐயோ என்றார்கள். உண்மையான ஐயோதான். ஐயோ சொன்ன வாய்க்கு அடுத்த கவளம் போனது. பொரியல், கூட்டு என்று வெஞ்சனத்தை ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொண்டார்கள். எனக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. பசிக்கும்போது சாப்பிடத்தானே வேண்டும். நானும் என் டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு பார்த்தேன். ஆனால் இப்போதெல்லாம் எல்லோரும் விழுகிறதைப் பார்க்கும்போது என் கண் மட்டும் படத்தின் ஓரத்துக்குப் போகிறது. யாராவது அந்தப் பக்கம் ஓடுகிறார்களா என்று தேடுகிறேன். பெரும்பாலும் அதற்குள் படம் முடிந்துவிடுகிறது.

என் கணவர் ஓய்வு பெற்றுவிட்டார். மழைக்காலத்தில் அக்கா வீட்டுக்குப் போகவேண்டுமென்றால் பெரிய சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் போகிறார். வீடியோவில் என்ன எழுதுகிறார்கள் என்று இப்போது பார்ப்பதில்லை என்கிறார். பார்க்கிறாரா என்று நான் சோதிப்பதில்லை.

போன மாதம் அந்தப் பெண் கூப்பிட்டாள். பாப்பாவைப் பள்ளியில் சேர்த்துவிட்டதாகச் சொன்னாள். போன் பழுதாகிவிட்டதாம், கடையில் சரிபண்ணும்போது உள்ளே இருந்ததெல்லாம் போய்விட்டதாம். "டீச்சர், உங்ககிட்ட இருக்குமா?"

இருந்தது. அனுப்பினேன். சிக்னல் சரியில்லாமல் போவதற்கு நேரமானது. அதற்குள் குக்கர் விசில் வந்துவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தபோது போய்ச் சேர்ந்திருந்தது.